எடுத்ததும் விட்டதும்



மாணவனாக இருந்த காலத்தில் நான் எடுத்த ஒரு குறும்படத்தைப் பற்றி இன்று உங்களுடன் சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன். பன்னிரண்டு நிமிடப் படம். இறுதிப் பரீட்சைக்காக எடுத்தது. புள்ளிகள் கிடைத்தன, அத்துடன் அதன் கதை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால், அதன் பின்னர் எடுத்த எந்தப் படத்தையும் விட அந்தப் படமே எனக்கு அதிகம் கற்றுத் தந்திருக்கின்றது. அது கற்றுத் தந்த விதம்தான் கொஞ்சம் கசப்பானது.

பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். என் தாய் கொழுந்தெடுத்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் தங்கிப் படித்தேன். பின்னர் கொழும்பு. திரைப்படக் கல்விக்குச் சேர்ந்தபோது, எமது மக்களின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்ற ஆசை நெஞ்சு முழுவதும் இருந்தது.

அங்கே எமக்குப் போட்டுக் காட்டிய படங்களுள் ஒன்று, 1934 ஆம் ஆண்டு பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்'. இலங்கைத் தேயிலையின் விளம்பரத்துக்கென இருந்த சபையின் பணத்தில் உருவான விவரணப்படம் அது. உலக விவரணப்பட வரலாற்றில் அதற்கு இன்றும் ஓர் இடம் உண்டு. அதில் பின்னணியில் ஒலிப்பது லயனல் வென்ட்டின் குரல். அவர் வாசிப்பது பதினேழாம் நூற்றாண்டில் கண்டியில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளை. பணம் தந்தது தேயிலை. ஆனால் தேயிலை பறித்தவர்கள் அதில் வாய் திறந்து பேசவில்லை. எமது படத்தில் அவர்கள் பேசுவார்கள் என்று என் பிரதியின் முதற் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைத்தேன்.

2018 ஆகஸ்ட் மாதம். நாங்கள் நால்வர், ஒரு கமரா, ஓர் ஒலிவாங்கி, இரண்டு வன்தட்டுகள். முதல் நாள் எங்கே போனோம் தெரியுமா? எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கு! 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தைப் படம் பிடிக்காத உல்லாசப் பயணி இல்லை. நாங்களும் வளைவுக்கு மேலே மண்மேட்டில் நான்கு மணி நேரம் காத்திருந்து, தெமோதரைப் பக்கமிருந்து வந்து கொழும்பு நோக்கிப் போன ரயிலை எடுத்தோம். மிக அழகான காட்சி. படத்தில் நாற்பது வினாடிகள் அதற்குக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருந்திருக்காது. அந்தக் காட்சியை மனதில் வைத்திருங்கள். திரும்பவும் அதற்கு வர வேண்டியிருக்கின்றது.

இரண்டாம் நாள் எங்கள் தோட்டம். படத்தின் நாயகியாக நடிக்கச் சம்மதித்தவர் எங்கள் லயத்திலேயே, மூன்றாவது காம்பராவில் இருந்த ஓர் அக்கா. நான் எழுதிய வசனத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது யாரு பேசுறது? நம்ம இஸ்கூல் மாஸ்டரா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப் போனது. விடுதியும் கொழும்பும் என் நாக்கைத் திருத்தி எழுதியிருந்தன. அதை நான் அறியவில்லை. அந்த அக்கா ஒரே கேள்வியில் அறிந்துகொண்டார்.

அப்போது தெளிவத்தை ஜோசப் அவர்களை நினைத்தேன். இதே பதுளை மாவட்டத்தில் 1934 இல் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருடன் சேர்த்துக்கொண்டவர். வி.பி. கணேசன் 1975 இல் தயாரித்து நடித்த 'புதிய காற்று' திரைப்படத்தின் எழுத்தில் அவரது கையும் இருந்தது. மலையக மக்கள் திரையில் தங்களைக் கண்ட ஆரம்பப் படங்களுள் அது ஒன்று. 2022 இல் மறையும் வரை அவர் எழுதியவற்றில் லயத்துப் பேச்சின் ஓசை மாறவில்லை. ஒரு மக்களிடையே பிறந்தால் மட்டும் போதாது, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அவருடைய கதைகளில் படித்திருந்தேன். படித்தது வேறு, பட்டது வேறு. எழுதிய வசனத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "நீங்க எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லுங்க அக்கா" என்றேன்.

மூன்றாம் நாள் மலையில் படப்பிடிப்பு. தோட்டத்துத் துரையிடம் அனுமதிக் கடிதம் வாங்கியிருந்தோம். காலை ஒன்பதரை மணிக்குப் பிறகு ஒளி நன்றாக இருந்தது. அக்கா கூடையுடன் சரிவில் ஏறி வர வேண்டும். ஒரு கணம் நின்று நமுனுகுல மலையைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் காட்சி. முதல் முறை மேகம் மறைத்தது. இரண்டாம் முறை கமரா ஆடியது. மூன்றாம் முறை பின்னால் நின்ற சிறுவன் சிரித்துவிட்டான். இப்படியே பதினொரு முறை எடுத்தோம். அக்கா பதினொரு முறை இறங்கி, பதினொரு முறை ஏறினார். முகம் சுளிக்கவில்லை.

நேயர்களே, அந்த மாதத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜூலை தொடக்கம் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து ஊவாவுக்குள் நுழைகின்றது. அந்த வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாகவே துளிர்க்கும். அப்படி மெதுவாக வளர்வதனால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனை. ஏலத்தில் நல்ல விலை. ஆனால் விலை ஏறும் அதே பருவத்தில் கூடை நிறைவது கடினம். அன்று அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்குப் பதினெட்டுக் கிலோ எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர்.

நாங்கள் காட்சியை முடித்தபோது மற்றப் பெண்கள் நிரையை முடித்து அடுத்த தொங்கலுக்குப் போய்விட்டார்கள். மாலை நிறுவையின்போது நானும் கமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே நின்றேன், நிறுவையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று. அக்காவின் கொழுந்து தராசில் ஏறியது. கணக்கப்பிள்ளை மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். பதினொன்றரைக் கிலோ. அரைப்பேர் என்று எழுதினார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. படங்கை உதறிக்கொண்டு நடந்தார்.

நான் எடுத்த பதினொரு 'டேக்'குகளின் விலை அது. அந்நாளில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. கொடுப்பனவுகள் எல்லாம் சேர்ந்தால் 730. அந்தப் பணத்தில்தான் அரை நாளை நான் வெட்டியிருந்தேன். துரையிடம் அனுமதி கேட்டவன், இழக்கப் போகிறவரிடம் கேட்கவில்லை.

சத்யஜித் ராயின் அனுபவம் ஒன்றை எமக்கு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். 1952 இல் 'பதேர் பாஞ்சாலி'க்காக நாணற்பூக் காட்டில் ஒரு நாள் படம் பிடித்துவிட்டு அடுத்த வாரம் அவர் போனபோது, பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தனவாம். மீண்டும் பூக்கும் பருவம் வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. படம் எடுப்பவன் எதையெல்லாம் இழக்கக்கூடும் என்பதற்கு அது நல்ல பாடம். படம் எடுக்கப்படுகின்றவர் எதை இழப்பார் என்ற பாடம் எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதைத் தராசடியில்தான் படித்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "அரைப்பேரு விழுகிறது புதுசா?" என்றார்.

"உங்களுக்கும் விழுந்திருக்கா?"

"நீ ஆஸ்டல்ல இருந்தப்ப எத்தனையோ நாளு. அதச் சொல்லிக்கிட்டா திரிவோம்?"

கொழுந்தெடுத்த பெண்ணின் மகன் கொழுந்தெடுப்பதைப் பற்றிப் படம் எடுக்க வந்து, மூன்றாம் நாள் இரவில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை அக்காவிடம் ஆயிரம் ரூபாவைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "நாளைக்கும் வாங்க தம்பி. ஆனா அந்தி நிறுவைக்குப் பொறகு வாங்க" என்றார்.

நிறுவைக்குப் பிறகு ஒளி மங்கிவிடும். மங்கிய ஒளியிலேயே மீதிக் காட்சிகளை எடுத்தோம். படத்தைப் பார்த்த பரீட்சகர் அந்த ஒளியைத்தான் பாராட்டினார்!

இனி நான் செய்த பெரிய தவறுக்கு வருகின்றேன்.

எங்கள் லயத்தின் கோடிக் காம்பராவில் ஓர் அம்மாயி இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு மாலை இஸ்தோப்பில் அமர்ந்து எங்கள் கமராவுக்கு முன்னால் இருபது நிமிடம் பேசினார். தன் தங்கையைப் பற்றிய கதை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அந்தப் பிரிவினை எத்தனையோ லயங்களுக்குள்ளும் புகுந்தது. அம்மாயி இங்கே, தங்கை அங்கே. தங்கையின் குடும்பம் போனது 1973 இல். தலைமன்னார் வரை போய் வழியனுப்ப அம்மாயியிடம் காசில்லை. பதுளையில் ஒன்றாக ரயிலேறி, தெமோதரையில் தான் மட்டும் இறங்கிக்கொண்டாராம்.

"கோச்சி போன பொறகும் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அது நிக்கிற மட்டும் நின்னேன்" என்றார்.

தங்கை நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் போனார். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடை. அக்காளும் தங்கையும் பிறகு சந்திக்கவில்லை.

படத்தொகுப்பு மேசையில் அந்த இருபது நிமிடத்தைப் போட்டுப் பார்த்தபோது, ஒலி முழுவதும் காற்று. ஒலிவாங்கிக்குக் காற்றுத் தடுப்பு வாங்க எங்களிடம் பணமிருக்கவில்லை. உற்றுக் கேட்டால் பேச்சு விளங்கும். ஆனால் பரீட்சகருக்கு ஒலி தெளிவாக இருக்க வேண்டுமே. வெட்டினேன். பாலத்தின் மேல் ரயில் போகும் அழகான நாற்பது வினாடியை வைத்துக்கொண்டேன். அடுத்த படத்துக்கு இடம் வேண்டியிருந்ததால், வன்தட்டில் இருந்த மூலப் பதிவுகள் யாவற்றையும் சில மாதங்களில் அழித்தும்விட்டேன்.

2019 தைப்பொங்கலன்று பிள்ளைக் காம்பராவின் வெள்ளைச் சுவரில் படத்தைக் காட்டினோம். கைதட்டினார்கள், ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லிக் கூவினார்கள். முடிந்ததும் அம்மாயி என் கையைப் பிடித்து, "என் தங்கச்சி கத வரலியே?" என்றார். நேரம் போதவில்லை என்று ஏதோ சொன்னேன். "கோச்சி மட்டும் வந்துச்சு" என்றார்.

அப்போதும் எனக்கு முழுவதாக உறைக்கவில்லை. பிறகு பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. தெமோதரையை விட்டுக் கிளம்பும் ரயில் அடுத்து ஏறுவது அந்தப் பாலத்தில்தான். 1973 இல் தங்கை போனதும் அதன் மேல்தான். அழகாக இருக்கிறது என்பதற்காக நான் எடுத்த காட்சியின் பொருள் அந்த இருபது நிமிடத்துக்குள் இருந்தது. பொருளை வெட்டிவிட்டு அழகை வைத்துக்கொண்டேன்.

2021 இல் அம்மாயி காலமானார். செய்தி அறிந்து கூடலூரிலிருந்து தங்கையின் பேரன் தொலைபேசியில் அழைத்தார். "எங்க பாட்டியும் போயிட்டாங்க. அவங்க அக்கா பேசினதை நீங்க படம் எடுத்தீங்களாமே, அதை அனுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் கொழுந்தையும் 'எடுக்கிறோம்' என்றுதான் சொல்வார்கள். படத்தையும் 'எடுக்கிறோம்' என்கிறோம். கொழுந்து எடுப்பவருக்கு நாளுக்கு மூன்று முறை தராசு உண்டு. எடுத்ததற்குக் கணக்கு உண்டு. எங்களுக்கு அப்படி ஒரு தராசு இல்லை. ஆகையால் நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

இப்போது நான் மாணவர்களுக்குப் படத்தொழில் சொல்லிக் கொடுக்கின்றேன். மலைக்குப் போவதற்கு முன் நிறுவை எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு வாருங்கள் என்பேன். செலவுக் கணக்கின் முதல் வரியில் நடிப்பவரின் ஒரு நாள் பேரை எழுதுங்கள் என்பேன். படத்தில் சேர்க்காததையும் அழிக்காதீர்கள். அது உங்களுடையது மட்டுமன்று என்பேன். ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு, உங்களுக்குச் சொன்ன இந்தக் கதையைச் சொல்வேன்.

கூடலூர்ப் பேரனிடம் அன்று உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதையாவது சொல்லுங்க அண்ணே" என்றார். சொன்னேன். பதுளை ஸ்டேசன், தெமோதரை, கோச்சியின் சத்தம். நான் தவறவிட்ட இடங்களை, அருகிலிருந்த என் அம்மா எடுத்துக் கொடுத்தார். மறுமுனையில் பேரன் அதைத் தன் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார்.