நம் வேலையும் நம் கணக்கும்

(பனிச்சங்கேணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் களப்பில் இறால் பிடிப்பவர்கள் தராசைப் பார்த்த பிறகே காசு வாங்குகிறார்கள். தோட்டத்தில் நமக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

நேரத்துக்குப் பிரட்டுக்குப் போவோம். முற்றிய இலை கலக்காமல் கொழுந்து எடுப்போம். கணக்கப்பிள்ளையோடு மரியாதையாகப் பேசுவோம். அப்போது அரைப் பேர் போட்டுவிட்டு, 'வேலையில் குறை' என்று சாக்குச் சொல்ல யாருக்கும் இடமிருக்காது.

வாய்ப்பேச்சு மட்டும் போதாது; கையில் கணக்கு வேண்டும். பிள்ளையின் பழைய கொப்பி போதும். திகதி, கிலோ, பேர் மூன்றையும் அன்றன்றே எழுதுவோம். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும்.

மாதக் கடைசியில் அதைச் சம்பளத் துண்டோடு ஒப்பிடுவோம். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் கழிப்பது 8 வீதம். நிர்வாகம் போட வேண்டியது 12 வீதம். நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் நிர்வாகத்தின் பொறுப்பே.

வித்தியாசம் தெரிந்தால் கொப்பியோடு சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்தே கேட்போம்.