யாளி வார்த்த கதை

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். யாளியை உயிரோடு பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் மதுரை புது மண்டபத்திலும் ஹம்பி விட்டலர் கோயிலிலும் அது தூண்களில் பாயத் தயாராக நிற்கிறது. "நம்ம கோவில்ல டிராகன் கிடையாதா தாத்தா?" என்று பேத்தி கேட்டபோது இதைச் சொன்னேன். அதோடு நிற்காமல், "உனக்கு ஒரு யாளி நானே பண்ணித் தரேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். முப்பது வருஷம் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் இருந்தவன் என்ற தைரியம்!

சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி தம் பட்டறையில் இடம் கொடுத்தார். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்ய வேண்டும். உடல் சுலபமாக வந்தது. துதிக்கை சிங்க முகத்தோடு ஒட்டாமல் ஒட்டவைத்த குழாய் மாதிரியே இருந்தது. "யானைக்கு எங்கே ஆரம்பிக்குதுன்னு பாருங்க சார், நெத்தியிலேர்ந்து இறங்கணும்" என்றார் ஸ்தபதி. கற்பனை மிருகமானாலும் அங்கம் ஒவ்வொன்றும் நிஜமாக இருக்க வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசி, நிழலில் உலர்த்தி, அதன்மேல் மணல் கலந்த களிமண் பூச வேண்டும். பிறகு வறட்டி நெருப்பில் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' இந்த முறையை விவரிக்கிறது. எடைக் கணக்கும் எளிது. செப்புக் கலவை மெழுகைப்போல் சுமார் ஒன்பது மடங்கு கனம். என் யாளிக்கு ஒன்றேகால் கிலோ மெழுகு. வாய்க்காலில் நிற்பதையும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ உலோகம்.

மண் பூசுமுன் ஸ்தபதி, "துதிக்கை நுனியிலே காத்துக்குழல் ஒண்ணு வெச்சுடலாம் சார்" என்றார். "வேண்டாம், அப்புறம் அதை வெட்டி அராவணும். ஒரு குழல் போதும்" என்றேன். இஞ்சினீயர் அல்லவா! அவர் மறுத்துப் பேசவில்லை.

ஆறியபின் மண்ணை உடைத்தோம். துதிக்கை பாதியில் நின்றுவிட்டது. உலோகம் ஏற ஏற, உள்ளிருந்த காற்று மேல்நோக்கிய நுனியில் ஒதுங்கி வழியில்லாமல் அடைபட்டுவிட்டது. மெழுகு போயிற்று, அச்சும் போயிற்று. இந்த முறையில் இரண்டாவது பிரதி கிடையாது. மூன்று வார உழைப்பு வீண். "உலோகம் போற வழியைப் பார்த்தீங்க, காத்து போற வழியைப் பார்க்கலையே" என்றார் ஸ்தபதி. அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை.

மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பித்தேன். இம்முறை அவர் காட்டிய இடத்திலெல்லாம் குழல் வைத்தேன். யாளி முழுதாக வந்தது. இப்போது பேத்தியின் மேஜைமேல் நிற்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். விக்கிரகம் வாங்கப் போனால் "கிலோ என்ன விலை?" என்றுதான் நாம் கேட்கிறோம், நானும் கேட்டிருக்கிறேன். உருக்கப் போடுமுன் அந்தக் குறை யாளியைத் தராசில் வைத்தேன். நல்லதற்கும் அதற்கும் கால் கிலோகூட வித்தியாசமில்லை. நாம் கொடுக்கும் விலை எடைக்கு அல்ல, அந்தக் காற்று போகும் வழி தெரிந்த கைக்கு. அடுத்தமுறை சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டு வரும்போது, ஒரு பட்டறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் பேரம் பேச மனசு வராது.