அகத்தைக் காலி செய்யும்போது

(சித்திரபுரத்தில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்மில் அநேகருக்கு இன்றைக்கோ நாளைக்கோ ஒரு காரியம் காத்திருக்கிறது. பாலக்காட்டு கிராமத்தில் அப்பா அம்மா இருந்த அகத்தைக் காலி செய்கிற காரியம். பிள்ளை பம்பாயில், பெண் அமெரிக்காவில். நாலு நாள் லீவில் வருகிறார்கள். மூன்று நாள் பாங்க், பத்திரம், ரிஜிஸ்டிரார் ஆபீஸ் என்று ஓடிவிடும். கடைசி நாள் சாயங்காலம் ஆக்ரிக்காரரைக் கூப்பிட்டு, மச்சிலிருந்து கொல்லை வரை இருக்கிற எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றி விடுகிறோம். அந்தக் கடைசி நாளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஆக்ரிக்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரும்பு, பித்தளை, பேப்பர் எல்லாம் அவர் கையில் போனால் வீணாகாது. தொந்தரவு, அவருக்குப் பாதிதான் பிரயோஜனப்படும் சாமான்களில்தான்.

பழைய ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். உடைப்பவருக்கு வேண்டியது கம்ப்ரஸரும் செம்புக் குழாயும். குழாயை வெட்டியவுடன் உள்ளே இருக்கும் வாயு வெளியே போய்விடும். 1990-களுக்கு முந்தின பெட்டிகளில் இருந்தது ஓசோன் படலத்தை அரிக்கிற வாயு. நம் தேசத்தில் 2008-லேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் பல பெட்டிகளில் வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் ஆயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்ட மாதிரி பூமி சூடாகும். குண்டு டிவியின் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. செம்புக் கம்பியை உருவிக்கொண்டு கண்ணாடியைப் பள்ளத்தில் வீசிவிடுவார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி உட்பட 106 வகைச் சாதனங்கள் அடக்கம். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள் மூலம் இவ்வளவு சதவீதம் பிரித்தெடுக்க வேண்டும் என்ற பொறுப்பு, தயாரித்த கம்பெனியுடையது. ஆகவே புதுசு வாங்கி எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்தால், "இது எங்கே போகிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர் இல்லாததால்தான் பதில் இல்லை. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வாசலுக்கு வருகிறார்களே, அவர்களிடமே மின்கழிவைக் கொடுக்கலாம். எந்த மாதம் எதை எடுப்பார்கள் என்று காலண்டரே உண்டு. பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து மாறும். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மெத்தை இன்னும் கஷ்டம். பஞ்சு மெத்தை இருந்த காலத்தில் பஞ்சை அடித்து, புது உறை தைத்து, இன்னொரு பத்து வருஷம் ஓட்டினோம். ஃபோமையும் ரப்பர் போட்ட கயிற்று நார் மெத்தையையும் அப்படிச் செய்ய வழியில்லை. ஆக்ரிக்காரரும் தொடமாட்டார். சோஃபாவும் அப்படித்தான். ராத்திரி ஆள் இல்லாத வளைவில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்த மலையில் கீழே உருட்டினால் அது முதிரப்புழை ஆறுவரை போகும். பக்கத்துக் கல்லாறு குப்பை நிலையத்துக்கு 'படையப்பா' என்ற காட்டுயானை வந்து மேய்ந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். எர்ணாகுளத்து அங்கத்தினர்களுக்கு பிரம்மபுரத்தை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2023 மார்ச் 2-ஆம் தேதி பற்றிய குப்பைமலை அணையப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

சென்னைக்காரர்களுக்கு இப்போது ஒரு சௌகரியம். 2025 அக்டோபர் முதல் பழைய சோஃபா, மெத்தை, கட்டில்களை மாநகராட்சி சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கத் தொடங்கியது. 1913-க்கு போன் செய்து பதிவு செய்யலாம். எடுத்துப் போனதை மணலியில் உலையில் எரிக்கிறார்கள். மறுசுழற்சி என்று சொல்ல முடியாது. போகிக்குத் தெருவில் கொளுத்துவதைவிட மேல், அவ்வளவுதான்.

தானமாகக் கொடுக்கலாமே என்பார்கள். பேஷாகக் கொடுக்கலாம், நாமே உபயோகிக்கக்கூடிய நிலையில் இருந்தால். கால் ஆடும் கட்டிலையும் மூட்டைப்பூச்சி மெத்தையையும் முதியோர் இல்ல வாசலில் இறக்கினால், நம் குப்பையை அகற்றும் செலவு அவர்கள் தலையில் விழுகிறது. முதலில் போன் செய்து வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேன் வாடகையும் நம்முடையது.

தேக்கு, ஈட்டிச் சாமான்களின் கதை வேறு. ஊஞ்சல் பலகை, பத்தாயம், செதுக்கின தூண், வெண்கல உருளி இவற்றுக்கெல்லாம் மட்டாஞ்சேரியிலும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலும் கடைகளே இருக்கின்றன. கடைசி நாள் அவசரத்தில் விறகு விலைக்குப் போகிற மரம் அங்கே என்ன விலைக்கு நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். விற்கிறதற்கு முன் சொந்தக்காரர்களிடம் கேட்பதும் நல்லது. தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு எந்தப் பேரன் ஆசைப்படுகிறான் என்று யார் கண்டது?

இன்னொன்று. பழைய மரப்பெட்டியைப் பூட்டோடு தூக்கிக் கொடுக்காதீர்கள். கிரந்தத்தில் எழுதின ஏடுகள் உள்ளே இருக்கலாம். நமக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகம் இருக்கிறது. அவர்களிடம் காட்டுங்கள்.

இத்தனையும் நாலு நாளில் நடக்காது. அம்மா இருக்கும்போதே, இந்தத் தடவை லீவில் போகும்போது மச்சில் ஏறிப் பாருங்கள். எது யாருக்கு என்று அம்மாவையே சொல்லச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த உருளி எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.