சீனமொழிக்கு ஒரு பாடவேளை

(கல்லூரி நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நாங்கள் கடைசியாகப் பேசியது உயர்தர மாணவர் மன்றத்தில். அன்று மணி அடித்தவுடன் இறங்கிவிட வேண்டும். இன்று மணி இல்லை. ஆனால் பின்வரிசையில் எங்கள் வகுப்புத் தோழிகள் மணிக்கூட்டைக் காட்டத் தயாராக இருக்கிறார்கள். ஆகவே விடயத்துக்கு வருகிறோம்.

விழாக் குழுவினர் எங்களிடம் மருத்துவம் பற்றிக் கேட்கவில்லை. "நூற்றாண்டு நினைவாகக் கல்லூரியில் சீனமொழி வகுப்பு ஒன்று தொடங்கலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். உங்கள் மகள் அமெரிக்காவில் சீனமொழியில் படிக்கிறாளாமே, அங்கே நடப்பதைச் சொல்லுங்கள்" என்றார்கள். நாங்கள் மொழியியல் அறிந்தவர்கள் அல்லர். வைத்தியராகவும் ஒரு பிள்ளையின் பெற்றோராகவும் கண்டதைச் சொல்கிறோம்.

நாங்கள் வாழும் யூட்டா மாநிலம் மலையும் பாலையும் நிறைந்த உள்நாட்டுப் பகுதி. சீனர் அதிகம் வாழும் இடமும் அல்ல. ஆனால் 2008இல் அந்த மாநிலச் சட்டசபை, அரசாங்கப் பாடசாலைகளில் இருமொழிக் கல்வியை வளர்க்கச் சட்டம் இயற்றியது. அப்போதைய ஆளுநர் ஜோன் ஹண்ட்ஸ்மன் இளமையில் தாய்வானில் சமயப் பணி செய்து மண்டரின் கற்றவர். 2009இல் சீனாவுக்கான அமெரிக்கத் தூதுவராகவும் போனார். அங்கே பிள்ளை முதலாந் தரத்திலிருந்தே பாதி நாள் ஆங்கிலத்திலும் பாதி நாள் சீனமொழியிலும் படிக்கிறது. இரண்டு வகுப்பறைகள், இரண்டு ஆசிரியர்கள். சீனமொழியைத் தனிப் பாடமாக மட்டும் படிப்பதில்லை. கணக்கையும் அந்த மொழியிலேயே செய்கிறது.

இந்த முறைக்குக் காரணம் உண்டு. அமெரிக்க வெளிநாட்டுச் சேவை அலுவலர்களுக்கு ஸ்பானிய மொழியில் வேலை செய்யும் அளவு தேர்ச்சி பெற ஏறக்குறைய 600 முதல் 750 மணித்தியாலம் வகுப்பு வேண்டும். சீனமொழிக்கு 2,200 மணித்தியாலம் வேண்டும். உயர்பாடசாலையில் நாளுக்கு ஒரு பாடவேளையாக நான்கு வருடம் படித்தாலும் 600 மணித்தியாலத்தைத் தாண்டுவது கடினம். அதாவது நான்கில் ஒரு பங்குதான். ஆகவே சிறு வயதில் தொடங்கி, இடையில் விடாமல் போக வேண்டும். 'பிள்ளைக்கு ஒரு வருடம் சீனம் படிப்பிப்போம்' என்பது, அன்ரிபயோட்டிக் மருந்தில் முதல் இரண்டு குளிசையை மட்டும் விழுங்குவது போன்றது.

இனி, இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

சீனமொழி அமெரிக்கப் பாடசாலைக்குள் ஒரே வாசலால் வரவில்லை. 1957இல் ரஷ்யர் ஸ்புட்னிக்கை ஏவினார்கள். அடுத்த வருடமே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, பிறமொழிக் கல்விக்கும் பணம் ஒதுக்கியது. சட்டத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' இருக்கிறது. 2006இல் ஜனாதிபதி புஷ் அறிவித்த மொழித் திட்டத்தின் பெயரிலும் அதே கருத்துடைய சொல் இருந்தது. அடுத்த வருடம், 2007இல், உயர்பாடசாலை மாணவர் பல்கலைக்கழகத் தரத்தில் எழுதும் சீனமொழிப் பரீட்சை முதன்முதலாக நடந்தது. அதற்கு முன்னர் பாடசாலைகளிடம் விசாரித்தபோது சுமார் 2,400 பாடசாலைகள் ஆர்வம் தெரிவித்திருந்தன. ஆனால் அத்தனை பாடசாலைகளுக்கும் போதுமான ஆசிரியர்கள் இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தைச் சீன அரசாங்கம் நிரப்பியது. 2004இல் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் முதலாவது கொன்பியூசியஸ் நிறுவகம் திறக்கப்பட்டது. காலப்போக்கில் அவை நூறைத் தாண்டின. பாடசாலைகளுக்குச் சீனாவிலிருந்து விருந்தினர் ஆசிரியர்களும் வந்தார்கள். 2015இல் ஜனாதிபதி ஒபாமாவும் ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது, 2020க்குள் பத்து இலட்சம் அமெரிக்க மாணவர் மண்டரின் கற்க வேண்டும் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது.

பின்னர் காற்று மாறியது. கொன்பியூசியஸ் நிறுவகம் உள்ள பல்கலைக்கழகத்தின் சீனமொழிக் கல்விக்குப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணம் இல்லை என்று 2018இல் சட்டம் வந்தது. நூறுக்கு மேல் இருந்த நிறுவகங்கள் 2023 அளவில் ஐந்துக்கும் குறைந்தன. பத்து இலட்சம் என்ற இலக்கும் எட்டப்படவில்லை. 2017இல் வெளியான கணக்கெடுப்பின்படி பாடசாலைகளில் சீனமொழி கற்றவர்கள் சுமார் 227,000 பேர். ஸ்பானிய மொழி கற்றவர்கள் 73 இலட்சத்துக்கு மேல். பல்கலைக்கழகங்களில் 2013இல் 61,000 ஆக இருந்த சீனமொழி மாணவர் தொகை 2021இல் 46,000 அளவுக்கு இறங்கிவிட்டது.

இரண்டு அரசாங்கங்கள் கைகுலுக்கினால் வகுப்பறை திறக்கிறது. முகம் திருப்பினால் மூடப்படுகிறது. இடையில் நிற்பது பிள்ளை. எங்கள் மகள் மூன்றாந் தரத்தில் படித்தபோது அவளுடைய சீனமொழி ரீச்சர் விசாக் காலம் முடிந்து வருட நடுவில் போய்விட்டார். பல கிழமைகளாக வந்த பதில் ஆசிரியருக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. பிள்ளைகள் தாளில் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். பாடத்திட்டம் இருந்தது, புத்தகம் இருந்தது, அறைச் சுவரில் சிவப்பு விளக்குகளும் தொங்கின. ஆசிரியர் மட்டும் இல்லை.

ஆனால் வேறொரு வாசலும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

1882இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்து அமெரிக்கா சட்டம் இயற்றியது. அதன் பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த மேமி டேப் என்ற எட்டு வயதுச் சிறுமியை, சீனப் பிள்ளை என்பதால் பாடசாலையில் சேர்க்க மறுத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டு 1885இல் வென்றார்கள். உடனே மாநிலம் சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை அமைக்க வழிசெய்து, அவளை அங்கே அனுப்பியது. பின்னர் அதே நகரத்துச் சீனப் பெற்றோர் தொடுத்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஆங்கிலம் புரியாமல் சுமார் 1,800 சீனப் பிள்ளைகள் எந்த உதவியுமின்றி வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே மேசை கொடுத்தால் மட்டும் சமத்துவம் ஆகாது என்று நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. இன்று அமெரிக்காவில் இருமொழிக் கல்வி பற்றிப் பேசும் எவரும் அந்தத் தீர்ப்பைக் கடந்து போக முடியாது.

ஆக, ஒரு காலத்தில் வீட்டில் சீனம் பேசிய பிள்ளைக்கு அது குறையாக எண்ணப்பட்டது. இன்று வீட்டில் சீனம் பேசாத பிள்ளைக்கு அதே மொழி கெட்டித்தனத்தின் அடையாளம். பாதுகாப்புத் திட்டங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, சீனப் பெற்றோர் தங்கள் செலவில் மாலைப் பள்ளியும் சனிக்கிழமைப் பள்ளியும் நடத்தி அந்த மொழியைக் காத்தார்கள். அவற்றை யாரும் பெரிதாகத் திறந்து வைக்கவில்லை. 

இங்கே வைத்தியசாலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இருதயம் பலவீனமான சீன மூதாட்டி ஒருவர் எங்கள் விடுதிக்கு மூன்றாந் தடவையாக வந்திருந்தார். கோவையில் 'மொழி: சீனம்' என்று மட்டும் எழுதியிருந்தது. தொலைபேசியில் மண்டரின் மொழிபெயர்ப்பாளர் பேசினார். மூதாட்டி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாடசாலையில் சீனமொழி படித்த இளம் வைத்தியர் ஒருவர், அவருக்கும் அமெரிக்கப் பெற்றோர்தான், கட்டிலருகே போய் மெதுவாக இரண்டு வசனம் பேசினார். பதிலைக் கேட்டுவிட்டு எங்களிடம் திரும்பி, "இவர் பேசுவது மண்டரின் அல்ல, கன்டனீஸ்" என்றார். சரியான மொழிபெயர்ப்பாளர் வந்தபின்தான், கால் வீங்கிய நாளில் மட்டும் அந்தக் குளிசையைப் போட்டிருக்கிறார் என்பது தெரிந்தது. அந்த இளைஞருக்குக் கன்டனீஸ் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாதது எது என்று தெரியுமளவுக்கு அவர் படித்திருந்தார். சீனத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் இந்தக் கதையைத்தான் சொல்வது.

எங்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. யுத்த காலத்தில் இங்கே படித்த எங்களுக்குச் சிங்களம் கற்பிக்க ஆள் இருக்கவில்லை. உள்ளகப் பயிற்சிக்குச் சிங்களப் பகுதிக்குப் போனபோது முதல் நாளிலேயே ஊமையானோம். "கொஹெத ரிதென்னே?", எங்கே நோகிறது, என்ற கேள்வியை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் விடுதியில் கூட்டித் துடைத்த ஒரு சிற்றூழியர் அம்மா. எந்தத் திட்டமும் அவரை அனுப்பவில்லை.

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. ஒருநாள் மகள், "ஆங்கிலத்தில் எல்லோரும் கிராண்ட்மாதான். சீனத்தில் அம்மாவின் அம்மா வைபோ, அப்பாவின் அம்மா நைநை. எங்கட அம்மம்மா, அப்பம்மா மாதிரி!" என்று துள்ளிக்கொண்டு வந்தாள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. அப்படியானால் அம்மம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது என்றோம். வைபோ என்று சீன எழுத்தில் அழகாக எழுதினாள். 'அம்மம்மா' என்று தமிழில் எழுதத் தெரியவில்லை. அது அவளுடைய பிழை அல்ல. சீனத்துக்கு நாள்தோறும் பாதி நாள் கொடுத்த நாங்கள், தமிழுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கவில்லை. இப்போது ஞாயிறு காலையில் அம்மம்மா தொலைபேசியில் சொல்வதெழுதுதல் வைக்கிறா. அம்மம்மா இந்தக் கல்லூரியின் பழைய மாணவி என்பதால் புள்ளி போடுவதில் இரக்கம் இல்லை.

ஆகவே, சீனமொழி வகுப்புத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் 'தொடங்கலாம்' என்பதே. ஆனால் அமெரிக்கா பட்டதிலிருந்து மூன்று விடயங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, கட்டடத்துக்கு முன் ஆசிரியரைத் தேடுவோம். வெளியிலிருந்து ஒருவர் வந்தாலும், அவர் போவதற்குள் எமது பிள்ளை ஒருத்தியைப் படிப்பித்து அந்த இடத்துக்குத் தயாராக்குவோம். இரண்டாவது, யாருடைய பணத்தில் நடக்கிறது, அவர் கையை எடுத்தால் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்போம் என்பதை முதல் நாளே கணக்குப் பார்ப்போம். மூன்றாவது, ஆறாந் தரத்தில் சேரும் பிள்ளை உயர்தரம் வரை தொடர வழி வைப்போம். அந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் பாடவேளையைச் சிங்களத்துக்குக் கொடுப்போம். அதைப் பேசுகிறவர்கள் அடுத்த பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார்கள்.

நூறு வருடங்களுக்கு முன் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்ட ஊரில் இந்தக் கல்லூரி எழுந்தது. நாங்கள் இன்று பிழைப்பது அந்த ஆங்கிலத்தில். பேசி நிற்பது இந்தத் தமிழில். இரண்டையும் தந்த ரீச்சர்மாரை வணங்கி விடைபெறுகிறோம். தோழிகள் மணிக்கூட்டைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.