ஏலத்தோட்டத்தின் கூலியில்லாக் காவலர்
(போடிநாயக்கனூரில் ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன் மனுக்களைப் பரிசீலிக்குங்கால், பூச்சி மருந்துக்கென்று கேட்கப்படும் தொகை என் கண்ணில் அடிக்கடி படுகின்றது. போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு மருந்தடித்த சில வாரங்களில் பூச்சி மறுபடியும் தோன்றிற்றென்று, இரண்டாம் முறை கடன் கேட்போரும் உளர். அதன் காரணத்தைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

தோட்டத்தில் உண்பதும் உண்ணப்படுவதுமாக ஒரு சங்கிலி உண்டு. செடி வெயிலின் உதவியால் ஆகாரம் சமைக்கின்றது. அதன் சாற்றை அசுவினி உறிஞ்சுகின்றது. ஏலத்தில் கட்டை நோயைப் பரப்புவதும் அதுவே. அசுவினியைப் பொறிவண்டு தின்கின்றது. பறந்து திரியும் அந்துப்பூச்சிகள் சிலந்தி வலையிற் சிக்குகின்றன. ஏலத்தண்டைத் துளைக்கும் புழு ஓர் அந்துப்பூச்சியின் சந்ததியேயாகும். சிலந்தியைக் குருவியும் ஓணானும் தின்கின்றன.

சிலந்தி இலையைத் தின்பதில்லை. எனினும் அசுத்தமென்று அதன் வலையைத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோம். பொறிவண்டின் குஞ்சு தாயைப் போலிராது. சிறகின்றிக் கறுத்து நீண்டிருக்கும். அதுவும் அசுவினியைத் தின்பதே. அதைக் கெட்ட புழுவென்று நசுக்குவோர் பலர்.

ஆயினும் எல்லா வண்டும் நண்பரல்ல. கத்தரியிலையை அரிக்கும் புள்ளிவண்டும் பொறிவண்டின் இனமே. ஏலத்தின் வேரைத் தின்னும் புழு, பளபளக்கும் ஒரு சிறு வண்டின் குஞ்சு; அவ்வண்டைக் கைவலையால் பிடித்தழித்தல் நன்று. இலையுறைக்குள் ஒளியும் இலைப்பேனைச் சிலந்தி முற்றிலும் அடக்கிவிடுமென்றும் எண்ணவேண்டாம்.

1888-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்ற ஒருவகைப் பொறிவண்டு, அங்கு ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்த வெண்பஞ்சுப் பூச்சியை இரண்டோர் ஆண்டில் அடக்கிற்று. 1928-இல் நம் நீலகிரியில் அப்பூச்சி தோன்றியபின் இங்கும் அவ்வண்டையே வரவழைத்து விட்டார்கள். 1940-களில் கலிபோர்னியாவில் டி.டி.டி. மருந்தடித்தவிடங்களில் வண்டு மடிந்தது. வெண்பஞ்சுப் பூச்சி மீண்டும் பெருகிற்று. மருந்து பகைவனையும் காவலனையும் சேர்த்தே கொல்லும். பகைவன் விரைவில் விருத்தியாவான், காவலனோ தாமதித்தே திரும்புவான்.

ஆகையால் அங்கத்தினர்கள் செய்யத்தக்கது யாதெனில்: வாரம் ஒருமுறை சில தூறுகளின் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். பூச்சியையும் எண்ணுங்கள், பொறிவண்டையும் சிலந்தியையும் எண்ணுங்கள். தண்டினுள் ஆழப் புகுந்த புழுவை மேலடிக்கும் மருந்து எட்டாதென்பதை நினைவிற் கொள்ளுங்கள். அவசியமாயின், இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தின் யோசனைப்படி, பூச்சி கண்டவிடத்தில் மட்டும் அடியுங்கள். தேனீக்கள் பூவில் மேயும் காலை வேளையில் அடிக்கவேண்டாம்; ஏலப்பூ காயாவதற்குத் தேனீ இன்றியமையாதது.

சிலந்தி கூலி கேட்பதில்லை. பொறிவண்டுக்கு வட்டி கட்டவேண்டுவதில்லை. கடன் மனுவில் கையொப்பமிடுமுன் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து வரும்படி உங்களை மிகவும் கேட்டுக்கொள்ளுகிறேன்.