மறதி வியாதியும் இரத்தப் பரிசோதனையும்



தகப்பன் தன் பிள்ளையின் பெயரை மறந்துபோகும்போது, அந்தப் பிள்ளைக்குத் துக்கத்தோடு ஒரு பயமும் வருகிறது: "நாளைக்கு எனக்கும் இப்படி ஆகுமோ? இரத்தத்தைப் பரிசோதித்து இப்போதே சொல்ல முடியுமா?" இன்று இந்தக் கேள்வியைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறோம்.

மிகச் சில குடும்பங்களில் அல்சைமர் வியாதி ஒரே ஒரு மரபணுக் கோளாறினால் தலைமுறைதோறும் வருகிறது. கொலம்பியா தேசத்தில் இப்படிப்பட்ட ஒரு பெரிய வம்சத்தை மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர்களுக்கு நாற்பதுகளிலேயே ஞாபகம் தடுமாறத் தொடங்குகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அக்கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இவர்களுக்குப் பரிசோதனையின் விடை ஏறக்குறைய நிச்சயமானது.

முதுமையில் வரும் வியாதியின் காரியம் வேறு. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர், ஏ.பி.ஓ.ஈ. என்னும் மரபணுவின் ஈ-4 வகைக்கும் இவ்வியாதிக்கும் தொடர்பு உண்டென்று வெளியிட்டார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இம்மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு உண்டு. ஐரோப்பிய வம்சத்தாரில், ஒன்று ஈ-4 ஆனால் அபாயம் சுமார் மூன்று மடங்கு. இரண்டுமானால் எட்டு மடங்குக்கும் மேல். ஆயினும் ஈ-4 இருந்தும் கடைசிவரை தெளிந்த புத்தியோடு வாழ்ந்தவர்கள் உண்டு. அது இல்லாமலே வியாதிப்பட்டவர்களும் அநேகர்.

இப்படியிருக்க, சுகமாயிருக்கிறவர் இதை அறிந்துகொள்ளலாமா? அல்சைமர் வியாதியஸ்தரின் பிள்ளைகள் 162 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. தகுந்த ஆலோசனையோடு முடிவைக் கேட்டவர்கள் பெரும்பாலும் மனமுடைந்து போகவில்லை. முன்னமே மனக்கலக்கத்தில் இருந்தவர்களே பின்னரும் அதிகம் கலங்கினார்கள். ஆகவே ஆலோசனை இல்லாமல், தபாலில் எச்சிலை அனுப்பி விடையை வாங்குவதை நாங்கள் விரும்புவதில்லை.

மேலும், இந்த விடை ஒருவருக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. ஒருவரின் இரண்டு மரபணுக்களும் ஈ-4 ஆனால், அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாவது வந்தே தீரும். அவர்கள் அதை அறிய விரும்பாதிருக்கலாம். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வேலையையும் மருத்துவக் காப்பீட்டையும் பாதுகாக்கிறது. ஆயுள் காப்பீட்டையும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டையும் அது பாதுகாப்பதில்லை.

வியாதி தொடங்கியவர்களுக்கோ இப்பரிசோதனை மெய்யாகவே உதவுகிறது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் மருந்தினால் மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ உண்டாகலாம். இரண்டு ஈ-4 உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகையால் மருந்து கொடுக்கும் முன் மரபணுவைப் பார்ப்பது அவசியமாகிறது.

பரிசோதனைக்குப் போகுமுன், "விடை தெரிந்தபின் எதை மாற்றிச் செய்யப்போகிறேன்?" என்று உங்களையே கேளுங்கள், குடும்பத்தாரோடும் பேசுங்கள். விடை எதுவானாலும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துங்கள். புகைப்பதை விடுங்கள். காது மந்தமானால் கருவி பொருத்திக்கொள்ளுங்கள். தினமும் நடங்கள். இவற்றைத் தொடங்க எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.