பதிதம் என்றால் என்ன?



நம் முன்னோர் 'பதிதம்' என்று சொன்னதற்குக் கிரேக்க மூலச்சொல் 'ஹைரேசிஸ்'. தெரிந்தெடுத்தல் என்று பொருள். முழு உண்மையையும் ஏற்காமல், தனக்கு உகந்த பகுதியை மட்டும் பொறுக்கிக்கொள்வது.

அலெக்சாந்திரியா நகரக் குருவான ஆரியுஸ் கடவுளை மறுத்தவரல்லர். வேதாகமம் கற்றவர், கடுந்தவ ஒழுக்கமுடையவர். கடவுள் ஒருவரே என்பதைக் காக்க எண்ணி, சுதன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். அப்படியானால் சிலுவையில் நம்மை மீட்டது வெறும் ஒரு சிருஷ்டிதானா? 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், சுதன் பிதாவோடு 'ஒரே பொருளானவர்' என்று அறிக்கையிட்டனர். விசுவாசப் பிரமாணத்தில் நாம் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்தச் சொல்லுக்காகப் புனித அத்தனாசியார் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். பேரரசர்களும் ஆயர்கள் பலரும் எதிர்ப்பக்கம் நின்ற காலம் அது!

இன்னொன்று. அறியாமல் தவறுவது பதிதமன்று. ஞானஸ்நானம் பெற்றவர் விசுவசிக்க வேண்டிய சத்தியத்தைப் பிடிவாதமாக மறுப்பதையே 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அவ்வாறு அழைக்கிறது. பிற சபைகளில் பிறந்து வளர்ந்த அயலாரைப் 'பதிதர்' என்று ஏசும் வழக்கம் நம்மிடையே இருந்தது. பிரிவினையின் பாவத்தை அவர்கள்மேல் சுமத்தலாகாது என்று 1964-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. இன்றைய ஜூபிலி விருந்தில் அவர்களுக்கும் இலை போட்டிருக்கிறோம்.